அடப்டர் கரண்டைக் கூட்டித் தராது

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் கோடைச் சிறப்பிதழில் மோட்டர்ஹோம் (படுக்கை, குசினியோடு வீடு மாதிரி இருக்கிற வண்டி) வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு கேம்பிங் போவது பற்றி வந்த கட்டுரையை என் மனைவி உரக்க வாசிக்க, நான் தேத்தண்ணி குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல கட்டுரை. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் இடம் பிடிப்பதென்றால் ஐந்து மாதத்துக்கு முன்பே காலை ஏழு மணிக்குக் கம்ப்யூட்டருக்கு முன்னால் குந்தவேண்டும் என்பதிலிருந்து, நுளம்புக்கு என்ன பூசுவது என்பது வரை எல்லாம் இருந்தது. கழிவுத் தொட்டியை வெறுமையாக்குவது பற்றி மட்டும் அரைப் பக்கம்.

மின்சாரத்துக்குக் கிடைத்தது இரண்டே வரி. அடப்டர் செட் ஒன்று வாங்கி வைத்திருந்தால் எந்த இடத்திலும் செருகிக்கொள்ளலாம் என்ற கருத்துப்பட எழுதியிருந்தார். அந்த இடத்தில் மனைவி வாசிப்பதை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். "கராஜுக்குள்ள ஒரு கருகின சாமான் வைச்சிருக்கிறியள் எல்லோ, அதைக் கொண்டுபோய் இவையளுக்குக் காட்டுங்கோவன்" என்றாள்.

நான் இங்கே கனடாவில் 27 வருடம் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனாக வேலை செய்து ஓய்வுபெற்றவன். பழைய 24 அடி மோட்டர்ஹோம் ஒன்று என்னிடம் உண்டு. மே மாத நீண்ட வார இறுதியில் வெளிக்கிட்டால், இலை பழுக்கும் வரை மாதத்தில் ஒரு தடவையாவது எங்காவது போய் நிற்போம். முன்பெல்லாம் கேம்ப் கிரவுண்டில் தமிழ்க் குரல் கேட்டால் எழும்பிப் போய் யாரென்று பார்ப்போம். இப்போது பக்கத்து இடத்திலேயே ஒடியல் கூழ் காய்ச்சுகிறார்கள். சந்தோஷமான விஷயம். அதனால்தான் இந்தக் கடிதம்.

கருகிய சாமானின் கதையை முதலில் சொல்கிறேன்.

இரண்டு கோடைக்கு முன், ஓகஸ்ட் நீண்ட வார இறுதி. பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டிப் பக்கம் ஒரு தனியார் கேம்ப் கிரவுண்ட். சனிக்கிழமை பகல், காற்று அசையவில்லை, சட்டை முதுகோடு ஒட்டுகிறது. எங்களுக்குப் பக்கத்தில் பஸ் அளவு மோட்டர்ஹோம் ஒன்று வந்து நின்றது. வாடகை வண்டி. கூரையில் இரண்டு ஏசி. அப்பா, அம்மா, அம்மம்மா, மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்குப் பதினெட்டு வயதிருக்கும். வண்டியின் கரண்ட் வயர் நாலு முள்ளுப் பிளக், அதாவது 50 அம்ப் அளவு கரண்ட் எடுக்கக்கூடியது. அவர்களுக்குக் கிடைத்த இடத்தில் கரண்ட் எடுக்க நட்டிருந்த தூணில் இருந்ததோ மூன்று முள்ளு 30 அம்பும், வீட்டுச் சுவரில் இருப்பது போன்ற ஒன்றும்தான். பெடியன் பையிலிருந்து அடப்டர் ஒன்றை எடுத்தான். ஒரு தலையில் 30 அம்ப் ஆண் பிளக், மறு தலையில் 50 அம்ப் பெண் பிளக், நடுவில் ஒரு சாண் வயர். நாய்க்குப் போடும் எலும்பு மாதிரி இருப்பதால் இங்கத்தையார் அதை அப்படியே பெயர் சொல்லி அழைப்பார்கள். செருகினான். இரண்டு ஏசியும் ஓடத் தொடங்கின.

பத்து நிமிடத்தில் தூணின் பிரேக்கர், அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாகவே நிறுத்துகிற சுவிச், விழுந்தது. பெடியன் போய்த் தூக்கிவிட்டான். திரும்ப விழுந்தது. பிளக்கைக் கழற்றி, ஊதி, திரும்பச் செருகினான், பிரேக்கர் மேலே நிற்கும்போதே. 'டிக்' என்று ஒரு நீலப் பொறி. நான் அப்போதே எழும்பிப் போயிருக்கவேண்டும். "போன கிழமையும் ஒராளுக்குப் புத்தி சொல்லப்போய் வாங்கிக் கட்டினனீங்கள், சும்மா இருங்கோ" என்று மனைவி சொன்னதால் இருந்துவிட்டேன். பிறகு அவர்கள் ஒரு ஏசியை நிறுத்தினார்கள். பிரேக்கர் விழுவது நின்றது. எல்லோருக்கும் நிம்மதி.

பின்னேரம் நாலு மணியிருக்கும். அந்த அம்மம்மா வெளியே கதிரையில் இருந்தபடி, "ஆரோ கருவாடு சுடுகினம் போல கிடக்கு" என்றா. எனக்கும் அந்த மணம் வந்தது. கருவாடு சுடுகிற இடத்தில் புகை இருக்கும், கூப்பிடு தூரத்தில் ஒரு அடுப்பும் எரியவில்லை. பிளக்கின் பிளாஸ்டிக் சூடேறும்போது வருகிற வாடை மீன் வாடைதான். இதைத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். இந்தக் கடிதத்தில் வேறொன்றும் மனதில் நிற்காவிட்டாலும் அந்த வாடையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போய்ப் பிளக்குக்குக் கிட்டப் புறங்கையைக் கொண்டுபோனேன். தொடமுடியவில்லை. உள்ளே போய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டுப் பிரேக்கரை இறக்கினேன். ஆறிய பிறகு இழுத்தால் பிளக் வரவில்லை. ஒரு முள்ளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகி, தூணிலிருந்த பிளக் பொயின்ற்றோடு ஒட்டிப்போயிருந்தது. அலுவலகத்தில் சொல்லி அந்தத் தூணுக்கு வருகிற கரண்டை அங்கேயே நிறுத்திய பிறகுதான் ஆட்டி ஆட்டி எடுக்க முடிந்தது. முள் ஒன்று கரிக்குச்சி போலக் கறுத்து, மேலெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக இருந்தது.

பெடியன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "பிரேக்கர் இருக்குத்தானே அங்கிள், ஏன் விழேல்லை?"

பிரேக்கர் தனக்கூடாகப் போகிற கரண்டைத்தான் பார்க்கும். பிளக்கின் சூடு அதற்குத் தெரியாது. அந்த நேரம் ஓடியவை ஒரு ஏசி, அதோடு அவர்களுக்கே தெரியாமல் மின்சாரத்தில் விட்டிருந்த சுடுதண்ணித் தொட்டி. ஏசி 13 அம்ப், தொட்டி 12 அம்ப். கூட்டினால் 25. பிரேக்கர் 30. அதன் கணக்கில் எல்லாம் சரி. ஆனால் பொறி பறந்து குழி விழுந்த முள்ளும், எத்தனையோ பேர் செருகிக் கழற்றித் தளர்ந்துபோன பிளக் பொயின்ற்றும் ஒன்றையொன்று நன்றாகப் பிடிக்கவில்லை. தொடுகிற இடத்தில் ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே போதும், 25 அம்ப் அதற்கூடாகப் போகும்போது அந்தப் புள்ளியில் மட்டும் 62 வாட் சூடு. முன்பு வீடுகளில் எரிந்த 60 வாட் குண்டு பல்பைக் கையால் தொட்டிருப்பீர்கள். அந்தச் சூட்டைப் பிளக்குக்குள் அடைத்து மூன்று மணித்தியாலம் வைத்தால் என்ன நடக்கும்? அதனால்தான் தொடர்ந்து மணிக்கணக்காக ஓடுவதானால் 30 அம்பில் 24க்கு மேல் இழுக்காதே என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். பிரேக்கர் விழவில்லை என்பது அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரம் போலாகிவிட்டது.

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபமில்லை. அடப்டர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஊருக்குப் போகும்போது பெட்டிக்குள் வைக்கிற சின்னச் சாமான். போன் சார்ஜரை ஊர்ச் சுவரில் செருக முள்ளின் வடிவம் மாறினால் போதும், சார்ஜர் 120க்கும் 230க்கும் தானாகவே ஒத்துப்போகும். அந்தப் பழக்கத்தில்தான் எல்லோரும் இதையும் பார்க்கிறோம். மோட்டர்ஹோமுக்கு அந்தச் சலுகை இல்லை. தூணில் 15 அம்ப் இருந்தால் அடப்டருக்கு அந்தப் பக்கமும் 15 அம்ப்தான்.

இன்னொரு மயக்கம் அந்த இலக்கங்களிலேயே இருக்கிறது. 30க்கும் 50க்கும் இருபதுதானே வித்தியாசம் என்று கணக்குப் போடுகிறார்கள். 30 அம்ப் தூணில் ஒரு ஹொட் வயர் (கரண்ட் வருகிற வயர்), 120 வோல்ட். பெருக்கினால் 3,600 வாட். 50 அம்ப் தூணில் இரண்டு ஹொட் வயர், ஒவ்வொன்றிலும் 50 அம்ப். பெருக்கினால் 12,000 வாட். மூன்று மடங்குக்கும் மேல். உங்கள் குசினியில் மின் அடுப்பை முன்னால் இழுத்துப் பாருங்கள், பின்னால் இருப்பது அதே நாலு முள்ளுப் பிளக்தான். அந்த எலும்பு அடப்டர் என்ன செய்கிறதென்றால், தூணிலிருந்து வருகிற ஒரேயொரு ஹொட் வயரை வண்டியின் இரண்டு பக்கத்துக்கும் பிரித்துவிடுகிறது. 12,000 வாட்டுக்குப் பழகிய வண்டியை 3,600 வாட்டில் கட்டுகிறீர்கள். கட்டலாம், குற்றமில்லை. ஆனால் வீட்டில் பதினைந்து பேருக்குச் சோறு போட்ட கை, நாலு பேருக்கான பானையோடு நிற்பது போல அளந்து போடவேண்டும்.

மற்றப் பக்கமாகவும், அதாவது 30 அம்ப் வண்டியை 50 அம்ப் தூணில் போடலாம். அப்போது கூடுதலாக ஒன்றும் கிடைக்காது, தூணில் நிற்பது 50 அம்ப் பிரேக்கர் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. உங்கள் 30 அம்ப் வயர் எங்காவது நசிந்தால் அது 30க்கு விழாது. வயரைக் கார் ரயர் ஏறுகிற இடத்தில் போடாதீர்கள். வீட்டுச் சுவர்ப் பிளக்கில் போடுகிற சின்ன வட்ட அடப்டர் இருக்கிறதே, ஐஸ் ஹொக்கிக் கட்டை மாதிரி, அதில் மோட்டர்ஹோமின் பாற்றரியைச் சார்ஜ் பண்ணலாம், லைட் போடலாம். ஏசி போடக்கூடாது. அதற்கு மேல், கராஜில் தொங்குகிற செம்மஞ்சள் நிற எக்ஸ்ரென்ஷன் வயரைச் சேர்க்கவே கூடாது. அது 16 கேஜ். மோட்டர்ஹோமின் 30 அம்ப் வயர் 10 கேஜ். இந்தக் கணக்கில் இலக்கம் குறையக் குறையத்தான் கம்பி தடிக்கும், அதிலும் நம்மவர்கள் பலர் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறார்கள். 15 அம்பையும் 30 அம்பையும் சேர்த்து 50 ஆக்கித் தருவதாகச் சொல்லி இரட்டைவால் அடப்டர் ஒன்றும் விற்கிறார்கள். பல கேம்ப் கிரவுண்டுகளில் அதற்குத் தடை. நானும் தொடமாட்டேன்.

இவ்வளவும் சொல்கிற நான் ஒன்றும் சுத்தவாளி இல்லை. சொல்லத்தான் வேண்டும்.

கவார்த்தா ஏரிப் பக்கம் நண்பர் ஒருவரின் பழைய கொட்டேஜ். மழை பெய்து விட்டிருந்தது. இரவுக்குப் பாற்றரி சார்ஜ் ஆனால் போதுமென்று வண்டி வயரைக் கொட்டேஜின் வெளிச் சுவரில் செருகப் போனால், அது எர்த் ஓட்டை இல்லாத இரண்டு துளைப் பழைய பிளக் பொயின்ற். மூன்று முள்ளை இரண்டாக்கும் சின்னச் சாம்பல் நிற அடப்டர் ஒன்று என் பெட்டியில் கிடந்தது. ஒரு இரவுதானே என்று போட்டுவிட்டேன். இருபது வருடம் மற்றவர்களுக்குச் செய்யாதே செய்யாதே என்று சொன்ன கை.

அடுத்தநாள் காலை பேத்தி ஏரியில் குளித்துவிட்டு ஈரக்காலோடு ஓடிவந்து வண்டிக் கதவைப் பிடித்தாள். கையை இழுத்துக்கொண்டாள். அழவில்லை. "அம்மப்பா, கதவு கடிக்குது" என்றாள்.

எனக்குக் கால் நடுங்கியது. மீற்றரை எடுத்து வைத்துப் பார்த்தேன். கதவின் கைபிடிக்கும் ஈரத்தரைக்கும் நடுவில் 60 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. வண்டிக்குள் இருக்கிற ஒவ்வொரு சாமானிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிற கரண்ட் வழக்கமாக எர்த் வயர் வழியே போய்விடும். நான் அந்த வயரின் கழுத்தை அறுத்துவிட்டேன். ஆறு ரயரும் ரப்பர், வண்டியைச் சமப்படுத்த வைத்த கட்டைகளும் பிளாஸ்டிக். நிலத்துக்குப் போக வழியில்லாமல் அந்தக் கரண்ட் வண்டியின் தகரமெல்லாம் பரவி நின்றது. வண்டிக்குள் ஏறி நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கால் ஈரத்தரையில், ஒரு கை கதவில் என்று நிற்கிறவருக்குத்தான் தெரியும். அன்றைக்கு அது வெறும் கசிவு, கடித்துவிட்டு விட்டது. சுடுதண்ணித் தொட்டியின் சூட்டுக்கம்பி ஓட்டையாகி உள்ளே தண்ணீரோடு தொட்டுக்கொண்டிருந்திருந்தால், நான் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

வண்டியைத் தொட்டால் கூசுகிறது, சுள்ளென்கிறது என்று பிள்ளை சொன்னால், குளிருக்கு உடுப்பு உரசி வருகிற ஷொக் என்று சொல்லித் தட்டிக் கழிக்காதீர்கள். அது ஒரு தரம் சுள்ளென்று போய்விடும். இது தொடத் தொட இருக்கும். யாரையும் தொடவிடாமல் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வண்டியில் கைபடாமல் தூணுக்குப் போய்ப் பிரேக்கரை இறக்கவேண்டும். தொடாமலே கரண்ட் இருக்கா என்று காட்டுகிற பேனை மாதிரிச் சாமான் எந்த ஹார்ட்வெயர் கடையிலும் இருபது, முப்பது டொலருக்குக் கிடைக்கும். இப்போது எங்கே போய் நின்றாலும் கரண்டைப் போட்டதும் முதலில் அந்தப் பேனையைக் கதவுத் தகரத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் மனைவியை இறங்கவிடுவேன்.

அடுத்தது மச்சானின் கதை. இதற்காகத்தான் என் பெயரைப் போடவேண்டாமென்று கேட்கிறேன்.

மச்சான் போன வருடம் ஒரு டிரெயிலர் வாங்கினார். கேம்பிங் போகாத நாட்களில் வீட்டு டிரைவ்வேயில் நிற்கட்டும், ஃபிரிட்ஜ் குளிர்ந்தபடியே இருக்கட்டும் என்று கராஜ் சுவரில் 30 அம்ப் பிளக் பொயின்ற் ஒன்று போட விரும்பினார். என்னிடம் கேட்டால் பெர்மிட், இன்ஸ்பெக்ஷன் என்று சுணங்கும் என்று, யாரோ கையாளைப் பிடித்தார். பெயின்ற் அடிப்பார், மாபிள் ஒட்டுவார், வயரிங்கும் செய்வார். அவருக்கு 30 அம்ப் என்றால் தெரிந்தது ஒன்றுதான்: துணி காயவைக்கிற மெஷின். அதற்கு 30 அம்ப் இரட்டைப் பிரேக்கர், 240 வோல்ட். ஆகவே இங்கும் இரட்டைப் பிரேக்கரைப் போட்டு, கறுப்பு வயரை ஒரு பக்கமும் சிவப்பு வயரை மறு பக்கமும் பூட்டிவிட்டார். சரிந்த இரண்டு துளை, வட்டமாக ஒன்று. முகத்தைப் பார்த்தால் அச்சொட்டாக மோட்டர்ஹோம் பிளக் பொயின்ற். முதுகில் 240 வோல்ட்.

செருகிய உடனே மைக்ரோவேவில் ஒரு வெளிச்சம். பிறகு ஒரு சத்தம். பாற்றரி சார்ஜர், ஃபிரிட்ஜின் போர்ட், டிவி எல்லாம் போயிற்று. மூவாயிரம் டொலருக்கு மேல் செலவு. அந்தக் கையாள் பிறகு போன் எடுக்கவேயில்லை.

இது அபூர்வமான பிழையென்று நினைக்காதீர்கள். வடஅமெரிக்காவில் டிரெயிலர் வைத்திருக்கிறவர்கள் மத்தியில் பெயர்போன பிழை இது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. முப்பது டொலர் மீற்றரை ஏசி வோல்ட்டில் (இந்த ஏசி குளிரூட்டி இல்லை, வீட்டுக்கு வருகிற மாறுதிசை மின்சாரம்) வைத்து, சரிந்த இரண்டு துளைக்கும் இடையே பாருங்கள். 120க்குக் கிட்ட வந்தால் நல்லது. 240 வந்தால் வண்டியைச் செருகாமல் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஒரு துளைக்கும் எர்த்துக்கும் இடையே மட்டும் பார்த்தால் போதாது, அங்கே பிழையான வயரிங்கிலும் 120தான் காட்டும். மச்சானின் கையாள் அப்படித்தான் பார்த்திருக்கவேண்டும். மீற்றர் வைத்துப் பழக்கமில்லாதவர் கையை விடாமல் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிடுவதே மேல்.

ஒன்ராறியோவில் காசு கொடுத்து ஒருவரை மின்வேலைக்கு அமர்த்துவதானால் அவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரராக இருக்கவேண்டும் என்பது சட்டம். வேலையை மின்சாரப் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவிக்கவும் வேண்டும். ஆசிரியர் கோபிக்கக்கூடாது, உங்கள் பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் 'பெயின்ற், பிளம்பிங், மின்வேலை யாவும் குறைந்த செலவில்' என்று வருகிற விளம்பரங்களில் உரிம இலக்கம் போட்டதை நான் அதிகம் காணவில்லை. மின்வேலை என்று போடுகிறவரிடம் அந்த இலக்கத்தையும் கேட்டு வாங்கிப் போட்டால் என்ன?

கேம்ப் கிரவுண்டில் நான் செய்வதைச் சொல்கிறேன். வண்டியை நிறுத்தியதும் தூணின் மூடியைத் திறந்து மூக்கை வைப்பேன். கருகின வாடை, மஞ்சளாகிய பிளாஸ்டிக், ஆடுகிற பிளக் பொயின்ற், குளவிக்கூடு இருந்தால் வண்டியைச் சமப்படுத்த முதலே அலுவலகத்துக்குப் போய் வேறு இடம் கேட்பேன். சமப்படுத்தி, கட்டை வைத்து, கதிரை விரித்த பிறகு இடம் மாற யாருக்கும் மனம் வராது. பிறகு பிரேக்கர் கீழே இருக்கிறதா என்று பார்ப்பேன். கீழே இருக்கும்போதே மீற்றர் பெட்டியையும் வயரையும் செருகுவேன், அடி வரை அழுத்தி. அதற்குப் பிறகுதான் பிரேக்கர் மேலே. வெளிக்கிடும்போது உள்ளே ஏசியை நிறுத்தி, பிரேக்கரை இறக்கி, பிறகு பிளக்கைப் பிடித்துக் கழற்றுவேன், வயரைப் பிடித்து இழுக்கமாட்டேன். அந்தப் பெடியன் செய்தது இதற்கு நேர் எதிர்மாறு. ஏசி போட்டு அரை மணித்தியாலத்தில் ஒரு தடவை போய்ப் பிளக்குக்குக் கிட்டப் புறங்கை வைத்துப் பார்ப்பேன். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடென்றால் எதையாவது நிறுத்தவேண்டும். அடப்டரும் வயரும் சேருகிற இடம் நிலத்தில் தண்ணீருக்குள் கிடக்கக்கூடாது, அதற்கு நான் ஒரு கவிழ்த்த வாளியை வைத்திருக்கிறேன். பார்க்க வடிவில்லைத்தான்.

மீற்றர் பெட்டி என்றேன். தூணுக்கும் வயருக்கும் நடுவில் செருகுகிற பாதுகாப்புப் பெட்டி. விலை நானூறு டொலர் வரை போகும். மலிவாக நூறு டொலருக்குள் கிடைப்பவை பெரும்பாலும் மின்னல், திடீரென்று எகிறுகிற வோல்ட் போன்றவற்றை மட்டும் வாங்கிக்கொள்ளும், மற்றதை விட்டுவிடும். நல்ல பெட்டி என்ன செய்யுமென்றால், வயரிங் மாறியிருந்தாலோ எர்த் இல்லாவிட்டாலோ கரண்டை உள்ளே விடாது. 104 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் 132க்கு மேலே போனாலும் வெட்டிவிடும். மச்சானிடம் அது இருந்திருந்தால் மைக்ரோவேவ் பிழைத்திருக்கும். 50 அம்ப் வண்டிக்காரருக்கு அது இன்னும் அவசியம். தூணில் நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) கழன்றால் ஒரு பக்கச் சாமானுக்கு 80 வோல்ட்டும் மறு பக்கத்துக்கு 160 வோல்ட்டும் போகும். கூட்டினால் 240தான், அதில் மாற்றமில்லை. போகிறது உங்கள் டிவி.

104க்குக் கீழே எங்கே போகப்போகிறது என்று கேட்பீர்கள். நான் சொன்ன அதே ஓகஸ்ட் சனிக்கிழமை ஐந்து மணிக்கு என் பெட்டி 106 காட்டியது. அத்தனை வண்டியிலும் ஏசி, அத்தனைக்கும் ஒரே பழைய நிலத்தடி வயர். வோல்ட் குறைந்தால் ஏசி குறைவாகத்தானே இழுக்கும் என்று தோன்றும். மோட்டர் அப்படியில்லை. வோல்ட் குறையக் குறைய அது கூட அம்ப் இழுத்துச் சூடாகிச் சாகும். நான் ஏசியை நிறுத்திவிட்டு மரத்தடியில் போய் இருந்தேன்.

நமது சமையல் பற்றியும் ஒரு வார்த்தை. கேத்தல் 1,500 வாட். மைக்ரோவேவ் அதேயளவு. ஏசியும் கிட்டத்தட்ட அவ்வளவு. 30 அம்பில் இந்த மூன்றில் இரண்டுதான் ஒரே நேரத்தில். சோற்றுப் பானை 700 வாட், அது நல்ல பிள்ளை. சுடுதண்ணியையும் ஃபிரிட்ஜையும் காஸில் விட்டால் எவ்வளவோ இடம் கிடைக்கும், அதற்கு ஒரு சுவிச் வண்டிக்குள்ளேயே இருக்கிறது, வாடகைக்குத் தருகிறவர்களிடம் கேட்டு வாங்குங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் கிரைண்டரை, இரும்புக்கட்டி மாதிரி ஒரு ட்ரான்ஸ்போமரும் வைத்து கேம்ப் கிரவுண்ட் மேசையில் ஓட்டிய ஒருவரையும் கண்டேன். தோசை நன்றாயிருந்தது, எனக்கும் இரண்டு தந்தார். ஆனாலும் மாவை வீட்டிலேயே அரைத்துக்கொண்டு வரலாமே.

வாடகை வண்டி எடுக்கிறவர்கள் சாவி வாங்கும்போது, அடப்டரை நிறுவனமே தருகிறதா, அதில் சி.எஸ்.ஏ. முத்திரை (கனடாவின் பாதுகாப்புத் தர முத்திரை) இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் பெடியனின் அடப்டர் இணையத்தில் மலிவாக வாங்கியது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு முத்திரையும் இல்லை, எத்தனை கேஜ் கம்பி என்றுகூட எழுதவில்லை. அன்றிரவு அந்தக் குடும்பம் பாற்றரி லைட்டிலும் காஸ் அடுப்பிலும் சமாளித்தது. அம்மம்மாவை எங்கள் வண்டியில் படுக்கவைத்தோம். வெளிக்கிடும்போது பெடியன் கருகிய அடப்டரைக் குப்பையில் போடப் போனான், நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அது என் கராஜில், பிஸ்கற் ரின்னுக்குள் இருக்கிறது. அடுத்த இதழில் படமாகப் போட விரும்பினால் சொல்லுங்கள், வியாழக்கிழமைகளில் நான் உங்கள் அலுவலகப் பக்கம் மரக்கறி வாங்க வருவேன், கொண்டுவந்து தருகிறேன். திருப்பித் தந்துவிடவேண்டும். மச்சான் இன்னும் அதைப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன்,
ஸ்காபரோ